கஞ்சிப் பானையில் முளைத்த வெள்ளை

போன மாதம் ஒரு பின்னேரம் ஷிபா வீட்டுக்கு வந்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடங்களில் என்னோடு வேலை பழகியவள். இப்போது பெரிய ஆய்வுகூடமொன்றில் இருக்கிறாள். தேநீர் குடித்துக்கொண்டே, தங்கள் இடத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிய ஒரு தூளைப் பற்றிச் சொன்னாள். கைட்டோசான். இறாலின் மேலோடான கோதிலிருந்து எடுக்காமல் பங்கசிலிருந்து, அதாவது பூஞ்சணத்திலிருந்து எடுத்ததாம். இப்போது இதுதான் புதிது என்றாள்.

"அத நாங்க எண்பதாம் ஆண்டளவில சர்பத் வாற கோடியல் போத்தலுக்குள்ள வளத்து எடுத்த, புள்ள" என்றேன்.

சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். எங்கே, யார், எப்படி என்று கேட்கத் தொடங்கினாள். நான் சொன்னது பாதிதான். மீதியை எழுதித் தருகிறேன் என்றேன்.

முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தேன். அதில் பெரும்பகுதி ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தமும் சளியும் பார்த்துக் கழிந்தது. ஆனால் சும்மா இருக்கும் நேரத்தில் மனம் போய் நிற்பது முதல் சில வருடங்களில்தான். அதுவும் ஒழுங்காக வருவதில்லை. கிணற்றுக்குள் குனிந்து பார்க்கும்போது ஆடும் நிழல் மாதிரி, கொஞ்சம் தெரியும், கொஞ்சம் கலையும், பிறகு திரும்பவும் கூடும்.

எழுபத்தெட்டுச் சூறாவளி எங்கள் கிழக்குக் கரையை அடித்துப் போட்டதற்கு அடுத்த வருடம் அரசாங்க ஆய்வுகூடமொன்றில் உதவியாளர் வேலை கிடைத்தது. உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்து, பல்கலைக்கழகத்துக்கு எடுபடாமல் வீட்டில் இருந்தேன். வாப்பா கல்முனைக்குடியில் மீன் வியாபாரம் செய்தார். பெண் பிள்ளை வேலைக்குப் போவதைப் பற்றி அவர் நிறைய யோசித்தார். பிறகு, இடம் கிட்டத்தான், பகல் வேலைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சம்மதித்தார். கொழும்பில் சில மாதப் பயிற்சி. கண்ணாடி கழுவவும், மூச்சுப் படாமல் தராசில் நிறுக்கவும், பஞ்சால் அடைப்புச் செய்யவும், ஸ்பிரிட் விளக்கில் கம்பியைச் சிவக்கக் காய்ச்சவும் பழக்கினார்கள். அந்த மாதங்களைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை. கடல் சத்தம் இல்லாத இடத்தில் எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை, அவ்வளவுதான்.

ஆய்வுகூடம் என்று பெயரே தவிர, அது கல்முனைக்கும் மருதமுனைக்கும் இடையில் கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் வாடகைக்கு எடுத்த வீடு. சூறாவளியில் ஓடு பறந்துபோய்த் தகரம் போட்டிருந்தார்கள். குசினிதான் அவிக்கிற அறை. படுக்கையறை ஒன்றுக்கு உள்ளே சுண்ணாம்பு பூசி, யன்னலுக்குக் கண்ணாடி போட்டு, பங்கசு வளர்க்கும் அறையாக்கியிருந்தார்கள். பின்வளவில் பொத்துவிலிலிருந்து லொறியில் வந்த இறால் கோதுச் சாக்குகள். காற்றுத் திரும்பினால் ஒழுங்கை முழுக்க மூக்கைப் பொத்தும். அதற்காகப் பக்கத்து வீட்டார் எங்களோடு கதைக்காமல் இருந்த காலமும் உண்டு.

வேலையாட்கள் மூன்று பேர். நான், தண்ணீர் சுமந்து அடுப்பு மூட்டும் இஸ்மாலெப்பைக் காக்கா, எங்களுக்கு மேலே குணநாயகம் சேர்.

சேரை எப்படிச் சொல்வது? மட்டக்களப்புப் பக்கத்து மனிதர். தினமும் பஸ்ஸில் வருவார். மெலிந்த உடம்பு, வெள்ளைச் சேர்ட், கையில் எப்போதும் ஒரு குடை. வளர்ப்பறைக்குள் போகுமுன் செருப்பை வாசலில் கழற்றி, சோடியாக ஒதுக்கி வைப்பார். நான் முதலில் அது கிருமிக்காக என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் வீதியில் ஒரு கிழவரோடு கதைக்கும்போதும் அப்படித்தான் குடையை மடக்கிக்கொண்டு நிற்பார். போத்தலை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மெல்லத் திருப்பி, பிறகு பஞ்சை அசைக்காமல் அதன் மேல் மூக்கை வைத்து மணந்து பார்ப்பார். அந்த நேரத்தில் கண்களை மூடியிருப்பார். கேள்வி கேட்டால் பதில் வரும்வரை காத்துக்கொண்டே இருப்பார். எனக்குப் பதில் தெரியாமல் நின்ற நாட்களில், அவர் காத்து நின்ற அந்த அமைதியிலேயே பாதிப் பதில் எனக்கு வந்துவிடும்.

இறால் கோதிலிருந்து கைட்டின் எடுத்து, அதைக் கோஸ்டிக் சோடாவில் அவித்தால் கைட்டோசான் வரும். கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கும், புண்ணுக்கு நல்லது, கறுப்புப் பூஞ்சணத்தை அண்ட விடாது என்றெல்லாம் அப்போதே சொன்னார்கள். ஆனால் கோது பருவத்துக்குத்தான் வரும்; வருமுன்னே பாதி அழுகிவிடும். சில பங்கசுகளின் கலச் சுவரிலேயே கைட்டோசான் கட்டியபடி இருக்கிறது என்று சேர் எங்கோ வாசித்திருந்தார்.

"இறாலுக்குக் கடல் வேணும், வள்ளம் வேணும், லொறி வேணும். இதுக்கு ஈரம் மட்டும் இருந்தாக் காணும்" என்றார்.

அப்படித்தான் அந்த வேலை என் தலையில் விழுந்தது. ஊருக்குள் போய்ப் பூஞ்சணம் சேகரிக்க வேண்டும். வீட்டுக்குள் போய்ப் பெண்களிடம் கேட்க சேரால் முடியாது, என்னால் முடியும். ஒரு பிரம்புக் கூடையில் கழுவிக் காயவைத்த சின்னப் போத்தல்களை அடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பூஞ்சணம் பிடித்தது ஏதும் இருக்கிறதா என்று ஒரு குமர்ப்பிள்ளை வாசலில் நின்று கேட்டால் என்ன நினைப்பார்கள்? சிலர் சிரித்தார்கள். சிலர், தங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை என்று கோபித்துக்கொண்டார்கள். ஒரு மாமி என்னைப் பிடித்து உட்கார வைத்து, வேலையில் சம்பளம் சரியாகத் தருகிறார்களா என்று விசாரித்தார்.

ஆனால் எவ்வளவு கிடைத்தது. பேக்கரிப் பாணில் பூத்த சாம்பல் நிறம். பழஞ்சோற்றில் இரத்தினக்கல் மாதிரி ஒரு பச்சை. கருப்பட்டியில் வெல்வெட்டு. தோல் செருப்பில் மஞ்சள். அதுவரை நான் கழுவித் துடைத்து எறிந்தவற்றை அந்த நாட்களில் நின்று பார்த்தேன். வெயில் சாயும் நேரத்தில் கூடையோடு கடற்கரை மணலால் திரும்பி வரும்போது, சின்னச் சின்னத் தோட்டங்களைச் சுமந்து போகிறேன் என்று தோன்றும்.

மருதமுனையில் ஒரு வீட்டில்தான் ஆசியாவைக் கண்டேன். என் வயதுதான் இருக்கும். உம்மாவும் அவளும் மட்டும். அவளுக்கு மூத்த காக்கா ஒருவர் கல்யாணம் முடித்து வேறு ஊரில் இருந்தார். முன்னறையை முழுக்க அடைத்துக்கொண்டு தறி நின்றது. அவள் நெய்யும் சாறனும் சாரியும்தான் அந்த வீட்டின் சோறு.

"பூஞ்சணம்தானே? வேணுங்கிறளவு எடுங்க. எங்களுக்கு அதாலதான் கரச்சல்" என்றாள்.

நெய்வதற்கு முன் நூலைச் சோற்றுக் கஞ்சியில் தோய்த்துக் காயவைப்பார்கள். அப்போதுதான் இழை அறாது. மாரி தொடங்கினால் அந்தக் கஞ்சி ஈரத்தை இழுத்து, தறியில் நீளவாட்டில் பூட்டிய நூலான பாவிலேயே மிளகு தூவியது போலக் கறுப்புப் புள்ளி விழும். அந்தத் துணியை வியாபாரி எடுக்க மாட்டார். குசினி மூலையில் அவள் மறந்துவிட்ட கஞ்சிப் பானையொன்று இருந்தது. மூடியைத் தூக்கினாள். உள்ளே கறுப்பு இல்லை. விளிம்புவரை நுரைத்து நின்ற வெள்ளை, பஞ்சைவிட மெல்லியது. நான் மூச்சு விட்டதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதில் கொஞ்சத்தைப் போத்தலில் எடுத்தேன்.

எடுக்கும்போதுதான் அவள் கைகளைக் கவனித்தேன். விரல்களில் சீலைத்துண்டு சுற்றியிருந்தாள். நான் பார்ப்பது தெரிந்ததும் கையைப் பின்னால் கொண்டுபோனாள்.

"கையப் பாக்காதீங்க. துணியப் பாருங்க" என்றாள்.

அவளுடைய உம்மாதான் பிறகு சொன்னார். பூஞ்சணம் வராமல் இருக்கக் கஞ்சியில் கலக்கச் சொல்லி நூல்காரர் ஒரு தூள் கொண்டு வருகிறாராம். மஞ்சள் தூள், பெயர் யாருக்கும் தெரியாது. அதைப் போட்டால் துணியில் புள்ளி விழாது, ஆனால் கை வெடிக்கும். அந்த ஒழுங்கையில் எல்லாப் பெண்களுக்கும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. ஆசியாவுக்கு மற்றவர்களைவிட மோசம். விரல் நுனி பிளந்து, அறுந்த இழையை முடியும்போது நூலில் இரத்தம் படும். தறியை விட்டுவிடச் சொல்லி ஆஸ்பத்திரி டொக்டர் சொல்லிவிட்டார். காக்காவும் தறியை விற்க ஆள் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

"விட்டுட்டு என்ன செய்யிற?" என்று ஆசியா என்னிடம் கேட்டாள். "சும்மா இருந்து கையப் பாத்துக்கிட்டு இரிக்கிறதா?"

இதையெல்லாம் சேரிடம் சொன்னேன். அவர் போத்தலை விட்டுவிட்டுக் கைகளைப் பற்றி விசாரித்தார். உள்ளங்கையிலா, விரல் நுனியிலா? கஞ்சி தோய்க்கும் நாளில் கூடுமா, நெய்யும் நாளில் கூடுமா? தெரியாததைக் கேட்டு வர என்னை மறுபடியும் அனுப்பினார். பிறகு ஒரு நாள், கறுப்புப் பூஞ்சணத்துக்கு ஆகாத சாமான் நம்மிடமே இருக்கிறது, தூளுக்குப் பதிலாக அதைக் கஞ்சியில் போட்டுப் பார்க்கலாம் என்றார். இறால் கோதில் எடுத்த கைட்டோசானில் கொஞ்சம் தந்தனுப்பினார்.

ஆசியா வாங்கவில்லை. இறால் என்ற சொல்லைக் கேட்டதும் உம்மா போத்தலை என் பக்கம் தள்ளினார். சின்ன வயதில் ஒரு தடவை இறால் தின்று ஆசியாவின் கழுத்தும் முகமும் வீங்கி, மூச்சு விட முடியாமல், மௌத்தாகிவிடுவாள் என்றே எல்லோரும் அழுதார்களாம். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் இறால் வந்ததில்லை.

சேர் போத்தலை என் கையிலிருந்து தானே வாங்கி அலுமாரியில் வைத்தார். நல்லாகக் கழுவிய கைட்டோசானில் இறாலின் புரதம் மிஞ்சாது என்று அவர் வாதாடியிருக்கலாம். வாதாடவில்லை. "அப்ப பங்கசில இருந்துதான் எடுக்கோணும்" என்றார்.

அதன் பிறகு வந்த மாதங்களைத்தான் நான் அடிக்கடி கனவில் காண்கிறேன். சேகரித்த பூஞ்சணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வளர்த்தோம். நற்பிட்டிமுனை நெல் ஆலையில் நெல் அவிக்க ஊறப்போட்ட தண்ணீரை இஸ்மாலெப்பைக் காக்கா சைக்கிளில் கொண்டு வருவார்; அதில் கொஞ்சம் சீனி கரைத்து, கோடியல் போத்தல்களில் அரைவாசி ஊற்றி, பிரஷர் குக்கரில் அவித்து, ஆறிய பின் விளக்கடியில் வைத்துப் பூஞ்சணத்தை விதையாகப் போடுவேன். போத்தல்களைப் பக்கவாட்டில் படுக்க வைப்போம். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு தண்ணீரின் மேல் ஒரு ஆவி படிந்தது போலிருக்கும். அதற்கடுத்த நாள் வெள்ளைப் பாய் விரித்துக் கிடக்கும். காலையில் அறைக்குள் போனால் பழுத்த மாம்பழமும் மழை விழுந்த மண்ணும் கலந்த மாதிரி ஒரு மணம். யன்னலால் வரும் வெளிச்சத்தில் போத்தல் வரிசைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு துண்டு முகில். வெளியில் கடல் இரைந்துகொண்டிருக்கும். சேர் வெறுங்காலோடு ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டு போவார்.

சில பின்னேரங்களில் அவர் கதைப்பார். பஸ்ஸுக்கு நேரம் இருக்கும், விறாந்தையில் உட்கார்ந்திருப்பார். இந்தப் பங்கசுகளால் எலுமிச்சைப் புளிப்பு எடுக்கலாம், மருந்து எடுக்கலாம், நூலுக்குச் சாயம்கூட எடுக்கலாம் என்பார். இந்தக் கரை முழுக்க நெல் ஆலைகள் இருக்கின்றன, அவை ஊற்றி விடும் தண்ணீர் எல்லாம் ஒரு நாளைக்கு வெள்ளைப் பாயாக விரியும் என்பார். அவர் சொல்லச் சொல்ல எனக்கு ஒழுங்கைக்கு அப்பால் பெரிய கட்டடங்கள் எழும்புவது தெரியும். இஸ்மாலெப்பைக் காக்கா மட்டும், அப்படியென்றால் தண்ணீருக்கு ஒரு வண்டில் வாங்கித் தாருங்கள் என்பார்.

எடுக்கும் முறையை இன்றும் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். வெள்ளைப் பாயை வடித்து, பிழிந்து, கோஸ்டிக் சோடாத் தண்ணீரில் நீண்ட நேரம் அவிக்க வேண்டும். மற்றதெல்லாம் கரைந்துபோகும், சுவர் மட்டும் மிஞ்சும். அதைக் கழுவ வேண்டும். கழுவிக் கழுவி, காரம் பார்க்கும் பாசிச்சாயத் தாள் நிறம் மாறாமல் இருக்கும்வரை கழுவ வேண்டும். பிறகு வினாகிரியின் புளிப்பான அசற்றிக்கமிலத்தைத் தண்ணீர் கலந்து ஐதாக ஊற்றி, இளஞ்சூட்டில் வைத்தால், சுவருக்குள் இருந்த கைட்டோசான் தண்ணீருக்குள் இறங்கிவிடும். வடித்தால் தெளிந்த தண்ணீர். ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். அதில் கோஸ்டிக் சோடாவைத் துளித் துளியாக விட்டுக் கலக்க வேண்டும். உள்ளே கைட்டோசான் இருந்தால் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

பாணில் எடுத்த பங்கசில் அநேகமாக ஒன்றும் வரவில்லை. பழஞ்சோற்றுப் பச்சையில் ஒன்றுமே இல்லை. ஆசியாவின் கஞ்சிப் பானை வெள்ளையைச் செய்த அன்று சேர் என் கையில் துளிக்குழாயைத் தந்துவிட்டு, பின்னால் கை கட்டிக்கொண்டு நின்றார். துளி விழுந்தது, கலந்தது, ஒன்றும் இல்லை. இன்னும் விட்டேன். எந்தத் துளியில் என்று எனக்குத் தெரியாது. தெளிந்த தண்ணீருக்கு நடுவில் ஒரு புகை எழும்பியது. அது கலையவில்லை. தடித்தது. பிறகு பீக்கர் முழுக்க வெள்ளைத் துணிக்கைகள், மேலும் கீழும் மெல்ல மிதந்து, கடைசியில் அடியில் படிந்தன.

சேர் பீக்கரைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அவர் மூச்சை இழுத்து விட்ட சத்தம் மட்டும் கேட்டது. நான் அழுதுவிட்டேன். ஏன் என்று இன்றுவரை தெரியாது.

அடுத்த மாரிக்கு முன் ஒரு பாவுக்குக் காணுமான அளவைச் சேர்க்க வேண்டும். ஒரு வரிசைப் போத்தலில் வருவது ஒரு தேக்கரண்டிக்குக் கிட்டத்தான். பருவம் தப்பி ஒரு மழை பெய்து பஞ்சு அடைப்புகள் ஈரமாகி, ஒரு காலையில் அறையைத் திறந்தால் எல்லாப் போத்தலிலும் பச்சை. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். சேர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார், நல்ல நாளில் பார்ப்பது போலவே. பிறகு, எல்லாவற்றையும் அவித்துக் கழுவச் சொன்னார். யாரையும் குற்றம் சொல்லவில்லை. மறுநாள் மட்டக்களப்பிலிருந்து ஒரு பொதி காய்ந்த பஞ்சை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். திரும்பவும் தொடங்கினோம்.

வானம் கறுக்கத் தொடங்கிய நாளில் சேரும் நானும் ஆசியா வீட்டுக்குப் போனோம். அவர் விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்தார். ஆசியா வாசல் திரைக்குப் பின்னால் நின்றாள். அதுவரை இருவரும் நேரில் கதைத்ததில்லை. சேர் தன் திட்டத்தைச் சொன்னார். பாவில் ஒரு பாதிக்கு நம் கைட்டோசான் கலந்த கஞ்சி, மறு பாதிக்கு ஒன்றும் கலக்காத வெறும் கஞ்சி. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் எது காப்பாற்றியது என்று சொல்ல முடியும்.



"மத்தப் பாதி கறுத்துப்போனா?" என்று ஆசியா கேட்டாள்.

கறுக்கும் என்றுதான் எதிர்பார்ப்பதாக சேர் ஒளிக்காமல் சொன்னார்.

"உங்களுக்கு அது சோதினை. எங்களுக்கு அது பா. இத வித்துத்தான் நாங்க மாரிக்குள்ள தின்னோணும்."

கூரையில் முதல் துளிகள் விழத் தொடங்கின. சேர் குடையின் கைபிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன யோசித்தார் என்று எனக்குத் தெரியும். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பாவுக்குத்தான். சோதனை சரியாக நடக்காவிட்டால் மேலிடத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு வருட வேலை. நான் எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல் திரைக்கும் கதிரைக்கும் நடுவில் நின்றேன்.

"நீங்க சொல்லுறதுதான் சரி" என்றார் கடைசியில். "முழுப் பாவுக்கும் போடுங்க. எனக்குக் கொஞ்சம் நூல் மட்டும் தாங்க."

பழைய பாவின் கடைசியில் வெட்டி எறியும் நுனி நூல் ஒரு கூடை நிறையக் கிடந்தது. அதைச் சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டி, சிலவற்றை வெறும் கஞ்சியிலும், சிலவற்றை நம் கஞ்சியிலும், சிலவற்றைத் தூள் கலந்த கஞ்சியிலும் தோய்த்து, தறிக்கு மேலே கூரைத் தடியில் வரிசையாகத் தொங்கவிட்டோம். அந்த யோசனை யாருடையது என்று இப்போது நினைவில்லை. திரைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்து இருவரும் மாறி மாறிக் கதைத்து வந்தது அது. முதல் தடவை கலந்த கஞ்சி தடித்துப் போய் நூல் விறகு மாதிரி விறைத்தது. ஆசியா அதைத் தண்ணீர் விட்டு இளக்கி, கொஞ்சம் தேங்காயெண்ணெய் சேர்த்தாள். கையுறை மாதிரி விரலில் சுற்றியிருந்த சீலையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் தோய்த்தாள். நான் பயந்து பயந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கைட்டோசானைக் கரைக்க விட்ட வினாகிரிப் புளிப்பு வெடிப்பில் பட்டு எரிந்திருக்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டு தோய்த்து முடித்தாள்.

மழை பிடித்தது. அந்த வருடத்து மாரி விடவே விடாது போலிருந்தது. வயலும் வீதியும் ஒரே தண்ணீர். கொஞ்ச நாளைக்கொரு தடவை குடையோடு போய்ப் பார்ப்பேன். வெறும் கஞ்சி முடிச்சுகள் முதலில் சாம்பலாகி, பிறகு கறுத்தன. தூள் போட்டவை சுத்தமாக இருந்தன. நம்முடையதும் சுத்தமாக இருந்தது. கீழே தறியில் பா வெளிறிய நிறத்தில் கிடந்தது. ஆசியா அதில் நீலக் கரை போட்டு நெய்துகொண்டிருந்தாள்.

ஒரு நாள் போனபோது அவள் நெய்யாமல் இருந்தாள். கூரை ஒழுகிய மூலையில், பாவின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ முளைத்திருந்தது. ஓடிப்போய் சேரிடம் சொன்னேன். அவர் மழைக்குள் வந்து, இந்தத் தடவை திரைக்கு உள்ளே வரலாமா என்று கேட்டு வந்து, தறியருகே குனிந்து பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

"இது அவர்தான். கஞ்சிப் பானைக்காரர்" என்றார். "தன்ர சாமானுக்கு அவர் எப்பிடிப் பயப்படுவார்?"

கைட்டோசானைத் தன் சுவரிலேயே வைத்திருக்கிற பங்கசை அது அவ்வளவாகத் தடுக்காது, கறுப்பைத்தான் தடுக்கும். ஆசியா ஒரு ஈரச் சீலையால் துடைத்தாள். வெள்ளை போனது. கீழே நூலில் ஒரு அடையாளமும் இல்லை. அவளும் சிரித்தாள். பிறகுதான், அந்நிய மனிதர் முன்னால் நிற்கிறோம் என்ற நினைவு வந்து முந்தானையை இழுத்துவிட்டாள்.

அந்தப் பா முழுவதும் விலைபோனது. மாரி முடியுமுன் விரல்களில் வெடிப்பு மூடத் தொடங்கியது. முதலில் தோல் உரிந்தது. பிறகு கீழே புதுத் தோல், குழந்தையின் தோல் மாதிரி மெல்லியதாக வந்தது. ஒரு தடவை போனபோது, பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் அவளைச் சுற்றி உட்கார்ந்து அவள் கையை வாங்கி வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டொக்டர் சொன்னதைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. தறி விற்கும் கதையையும் காக்கா விட்டுவிட்டார்.

இதற்குப் பிறகு பெரிய கட்டடங்கள் எழும்பின என்று எழுத எனக்கும் ஆசைதான். எழும்பவில்லை. நூல் முடிச்சுகளை வைத்து எழுதிய அறிக்கை மேலிடத்தில் எடுபடவில்லை. இன்னும் இரண்டு மாரிக்கு எங்களால் முடிந்ததைச் செய்து ஆசியாவுக்கும் பக்கத்து வீடுகள் இரண்டுக்கும் கொடுத்தோம். பிறகு கலவரமும் சண்டையுமாகக் காலம் கெட்டது. வீதி அடிக்கடி மூடப்பட்டது. சேர் வருகிற பஸ் சில நாள் வரும், சில நாள் வராது. வந்த நாளிலும் வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். ஒரு நாள் லொறியொன்று வந்து சாமான்களை ஏற்றியது. சேருக்குத் தூரத்து இடமொன்றுக்கு மாற்றம். எங்கள் வெள்ளையை விதையாக வைத்திருந்த குழாய்களும் அந்த லொறியில்தான் போயின. அவை எங்கே இறங்கின, யாராவது வளர்த்தார்களா என்று தெரியாது. மிஞ்சியிருந்த கைட்டோசானை ஒரு போத்தலில் போட்டு, அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள் என்று என் கையில் தந்துவிட்டு, லொறியின் முன்சீட்டில் குடையை மடியில் வைத்துக்கொண்டு ஏறிப் போனார்.

எனக்கு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அந்தப் போத்தல் ஒரு மாரிக்குத்தான் காணும். அதற்கடுத்த மாரியில் எனக்கு மருதமுனைப் பக்கம் போக மனம் வரவில்லை. திரும்பவும் தூள்தான் போட்டிருப்பாள், திரும்பவும் சீலைதான் சுற்றியிருப்பாள் என்று நினைத்து நினைத்து நாளைத் தள்ளினேன். கடைசியில் ஒரு விடுமுறை நாளில் மழைக்குள்ளேயே போனேன்.

சீலை சுற்றியிருக்கவில்லை. கஞ்சியை அன்றன்றைக்குக் கொஞ்சமாகக் காய்ச்சுகிறாளாம். நூலை அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைக்கிறாளாம். மாரியில் நெய்வதைப் பாதியாகக் குறைத்துவிட்டாள்.

"புள்ளி விழுதா?" என்று கேட்டேன்.

"ஓம், விழுது. விழுந்தத நாங்க உடுக்கிற" என்றாள்.

நாங்கள் கதைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் சைக்கிள் மணி கேட்டது. நூல்காரர். கரியரில் நூல் பொதியும், அதன் மேல் தூள் தகரமும். ஆசியா எழுந்து வாசலுக்குப் போனாள். நூலை வாங்கினாள். தகரத்தை அவர் அவிழ்க்கப் போனபோது, அது தேவையில்லை என்றாள்.

"பூஞ்சணம் வருமே, மகள்" என்றார் அவர்.

"வரட்டும் காக்கா" என்றாள். "அந்தக் கையோட இனி என்னால இரிக்க ஏலா."

அவர் கோபிக்கவில்லை. அடுத்த வீட்டுக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன். அந்த வீட்டிலும் நூலை மட்டும் வாங்கினார்கள். அதற்கடுத்த வீட்டிலும். அந்த ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் ஒரு மாரி முழுக்க ஆசியாவின் கை ஆறியதைப் பார்த்தவர்கள். முன்பெல்லாம் மாரியில் கை வெடிப்பது நெசவோடு கூடப் பிறந்தது என்று நினைத்திருந்தார்கள். இப்போது அப்படி இல்லை என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு அவர்களால் தூளைத் தொட முடியவில்லை. ஒழுங்கை முடிவில் நூல்காரர் தகரத்தைத் திரும்பவும் இறுக்கிக் கட்டி, தலையில் ஒரு பொலித்தீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு மழைக்குள் ஏறி மிதித்தார்.

சேரைப் பிறகு ஒரே ஒரு தடவை கண்டேன். சில வருடங்கள் கழித்து மட்டக்களப்பு பஸ் நிலையத்தில். முடி முழுக்க நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டு, வீட்டாரைப் பற்றியும் இஸ்மாலெப்பைக் காக்காவைப் பற்றியும் விசாரித்தார். வேலையைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானாகத்தான் அன்றைய மழையையும், நூல்காரரின் தூள் தகரம் திரும்பிப் போனதையும் சொன்னேன்.

"எத்தின வீடு?" என்றார்.

"ஒழுங்கை முழுக்க, சேர்."

அவர் பஸ் வந்துவிட்டது. ஏறி யன்னல் பக்கம் உட்கார்ந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஜெமீலா, நாங்க அங்க எடுத்ததில அதுதான் ஆகச் சுத்தமானது" என்றார்.